தேவன் வழியை மாற்றும்போது இணங்கி நடப்பது எப்படி: அன்றாட விசுவாச வாழ்வுக்கு முழுமையான வழிகாட்டி

திட்டமிட்ட காரியம் கைகூடாமல் போகும்போதும், எதிர்பாராத அழைப்பு ஒன்று வரும்போதும், நெடுங்காலம் செய்துவந்த ஊழியத்தில் பாரம் குறையும்போதும், "ஆண்டவர் என்னை வேறு வழியில் திருப்புகிறாரா?" என்ற கேள்வி விசுவாசிக்கு எழுகிறது. இந்தக் கேள்வியோடு வந்தவர்களுடன் உட்கார்ந்து பேசியதில் நான் கவனித்தது ஒன்று உண்டு. அவர்களுக்கு ஆர்வமும் ஜெபமும் குறைவாக இருப்பதில்லை. படிகளின் வரிசைதான் தவறிவிடுகிறது. அடையாளத்தை முதலில் தேடி, கீழ்ப்படிவதற்கான மனதைக் கடைசியில் தேடுகிறார்கள்.

ஆகவே, கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முதல் நான்கு படிகள் எந்தக் குழப்பமும் இல்லாத நாட்களில் செய்யவேண்டியவை. அவற்றைச் செய்யாமல் ஐந்தாவது படிக்குத் தாவுகிறவர்களே அதிகமாகத் தடுமாறுகிறார்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒழுங்கான வேதவாசிப்பு முதலாவது. ஒரு புத்தகத்தை அதன் முதல் அதிகாரத்திலிருந்து கடைசி அதிகாரம் வரை தொடர்ந்து வாசியுங்கள். விருப்பமான வசனங்களை மட்டும் பொறுக்கி வாசிப்பவருக்கு, தன்னை மறுத்துப் பேசும் வசனம் எதிர்ப்படுவதே அரிது.

தேதியிட்டு எழுதுவதற்கு ஒரு குறிப்பேடு வேண்டும். மனிதனின் நினைவு, நடந்து முடிந்த பிறகு எல்லாவற்றையும் தனக்குச் சாதகமாகத் திருத்திக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு முன் உண்மையில் எதற்காக ஜெபித்தீர்கள் என்பதை எழுத்து ஒன்றே மாறாமல் சொல்லும்.

இரண்டு அல்லது மூன்று முதிர்ந்த விசுவாசிகளும் தேவை. அவர்களில் ஒருவராவது உங்கள் முகத்துக்கு நேராக "வேண்டாம்" என்று சொல்லக்கூடியவராகவும், உங்கள் முடிவினால் எந்த ஆதாயமும் அடையாதவராகவும் இருக்கவேண்டும். இவர்களை நெருக்கடி வந்த பிறகு தேடினால், உங்களுக்கு ஒத்துப்போகிறவர்களையே தெரிந்தெடுப்பீர்கள்.

கடைசியாக, நீங்கள் ஏற்கெனவே கொடுத்திருக்கும் வாக்குகளின் பட்டியல் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்: திருமண உடன்படிக்கை, பிள்ளைகள், பெற்றோர், கடன்கள், வேலையில் ஒப்புக்கொண்ட பொறுப்புகள், சபையில் ஏற்றுக்கொண்ட பணிகள். எட்டாவது படியில் இது கட்டாயம் தேவைப்படும்.

1. தெரிந்திருக்கும் சித்தத்துக்கு முதலில் கீழ்ப்படியுங்கள்

தேவசித்தம் என்றவுடன் பலருடைய மனம் எந்த வேலை, எந்த ஊர், யாரைத் திருமணம் செய்வது என்ற கேள்விகளுக்கே ஓடுகிறது. வேதம் வெளிப்படையாகவே தேவசித்தம் என்று சொல்பவை வேறு: 1 தெசலோனிக்கேயர் 4:3 பரிசுத்தத்தையும், அதே நிருபத்தின் 5:18 எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்வதையும் அப்படிக் குறிப்பிடுகின்றன. இவை மறைந்திருக்கவில்லை, யாரும் உபவாசம் இருந்து கண்டுபிடிக்கவேண்டியதும் இல்லை.

எனவே, ஒப்புரவாகவேண்டிய சகோதரன், திருப்பிக் கொடுக்கவேண்டிய பணம், விடவேண்டும் என்று தெரிந்தும் விடாமல் வைத்திருக்கும் பழக்கம் ஆகியவற்றில் இப்போதே செய்யக்கூடியதைச் செய்யுங்கள். தெரிந்த கட்டளையைத் தள்ளிவைத்துக்கொண்டு தெரியாத வழியைக் கேட்கும்போது, அந்தத் தேடலே கீழ்ப்படியாமைக்கு மறைவிடமாகிவிடக்கூடும்.

இதிலிருந்து இன்னொரு பயனும் உண்டு. தேவன் வழியை மாற்றுவார். தம்முடைய கட்டளையை மாற்றமாட்டார். ஆகையால் பொய்யோ துரோகமோ இல்லாமல் நிறைவேற்றவே முடியாத "வழிநடத்துதல்" எதையும் மேற்கொண்டு ஆராயாமல் இங்கேயே விட்டுவிடலாம்.

2. பதில் வருவதற்கு முன்பே அதற்கு ஒப்புக்கொடுங்கள்

எரேமியா 42-ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். எருசலேமின் அழிவுக்குப் பிறகு மீந்திருந்த ஜனங்கள் தீர்க்கதரிசியிடம் வந்து, நன்மையானாலும் தீமையானாலும் கர்த்தரின் சத்தத்துக்குக் கீழ்ப்படிவோம் என்று உறுதி சொன்னார்கள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: தேசத்திலேயே தங்கியிருங்கள், எகிப்துக்குப் போகாதிருங்கள். அடுத்த அதிகாரத்தில் அவர்கள், "நீ பொய் சொல்லுகிறாய்" என்று எரேமியாவைக் குற்றஞ்சாட்டிவிட்டு எகிப்துக்குப் போனார்கள். 41-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களைப் பார்த்தால், கேட்பதற்கு முன்பே அவர்கள் எகிப்தை நோக்கிப் புறப்பட்டு, வழியில் தங்கியிருந்தது தெரியவரும்.

புதியவர்கள் செய்யும் பிழைகளில் இதுவே மிகவும் ஆழமானது என்று நினைக்கிறேன். முடிவை எடுத்துவிட்டு, அதற்கு ஆண்டவருடைய கையெழுத்தைக் கேட்பதை அவர்கள் ஜெபம் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இதைச் சோதிக்க எளிய முறை ஒன்று உண்டு. எந்தப் பதில் வந்துவிடுமோ என்று நீங்கள் அஞ்சுகிறீர்களோ, அந்தப் பதிலைக் குறிப்பேட்டில் முழு வாக்கியமாக எழுதுங்கள். அதை வாசித்து "ஆம்" என்று சொல்ல முடியாவிட்டால், முடியவில்லை என்பதையே முதல் ஜெபமாக்குங்கள். கெத்செமனேயில் இயேசு தம்முடைய விருப்பத்தை மறைக்கவில்லை. பாத்திரம் நீங்கவேண்டும் என்று கேட்டு, அதன் பிறகே பிதாவின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தார். விருப்பமே இல்லாதவர்போல நடிக்கத் தேவையில்லை.

3. திட்டம் போட்டு நடக்கத் தொடங்குங்கள்

தேவனுடைய வழிநடத்துதலுக்குத் திறந்த மனதோடு இருப்பதென்றால் திட்டமே இல்லாமல் இருப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். நீதிமொழிகள் 16:9 மனுஷன் தன் வழியை யோசிப்பதையும் கர்த்தர் அவன் நடைகளை உறுதிப்படுத்துவதையும் ஒரே வசனத்தில் சேர்த்தே சொல்கிறது. யாக்கோபு 4:13-15 கண்டிப்பதும் வியாபாரத் திட்டத்தை அல்ல. நாளைய தினம் தன் கையில் இருப்பதுபோலப் பேசும் பெருமையையே. பவுல் ரோமாபுரி வழியாக ஸ்பானியாவுக்குப் போகத் திட்டமிட்டு, அதை நிருபத்தில் எழுதி, அதற்காக ஜெபிக்கவும் சொன்னார். பின்பு ரோமாபுரிக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு கைதியாக.

உங்கள் திட்டத்துக்குக் கீழே மூன்று வரிகள் சேர்த்து எழுதுங்கள்: இதை ஏன் செய்கிறேன், எது நடந்தால் இதை மறுபடியும் யோசிப்பேன், எந்தத் தேதியில் திரும்பிப் பார்ப்பேன். இரண்டாவது வரிதான் முக்கியமானது. நிதானமான நாளில் எழுதப்பட்ட அந்த வரி, பின்னால் பிடிவாதம் வரும்போதும் பதற்றம் வரும்போதும் உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

4. சிறிய குறுக்கீடுகளில் பழகுங்கள்

வாழ்க்கையின் பெரிய திருப்பங்களில் இணங்கும் மனம் அந்த நேரத்தில் திடீரென்று முளைப்பதில்லை. அது ஒவ்வொரு நாளும் வரும் சிறிய குறுக்கீடுகளில் பழக்கப்படவேண்டும். மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் சாகுந்தருவாயில் இருக்கும் சிறுமியின் வீட்டுக்கு இயேசு போய்க்கொண்டிருக்கிறார். பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டினால் (உதிரப்போக்கினால்) அவதிப்பட்ட ஒரு ஸ்திரீக்காக வழியில் நிற்கிறார். சிறுமியின் தகப்பனாகிய யவீருவின் இடத்தில் நின்று அந்தப் பகுதியை வாசித்தால், அந்தத் தாமதம் எவ்வளவு கொடியதாக இருந்திருக்கும் என்பது விளங்கும்.

இதற்கு நடைமுறையில் செய்யவேண்டியது, நாளின் எல்லா நேரத்தையும் வேலைகளால் நிரப்பாமல் சிறிது இடம் விட்டுவைப்பது. இடைவெளியே இல்லாத நாளில், உதவி கேட்டு வருகிற எவரும் தொல்லையாகவே தெரிவார்.

ஆனால் வருகிற குறுக்கீடுகள் எல்லாம் தேவனுடைய அழைப்பு என்று எண்ணுவதும் பிழை. மாற்கு 1-ஆம் அதிகாரத்தில், எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீஷர்கள் வந்து சொன்னபோது, இயேசு திரும்பிப் போகாமல் அடுத்த ஊர்களுக்குப் புறப்பட்டார். அதிகாலையில் தனித்து ஜெபித்திருந்ததால், எதற்காக வந்தார் என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது. ஒரு குறுக்கீடு வரும்போது, இதை என்னைத் தவிர வேறு யாராவது செய்ய முடியுமா என்றும், இதற்கு இணங்கினால் யாருக்குக் கொடுத்த வார்த்தை முறியும் என்றும் கேளுங்கள். யாரையும் மறுக்கத் தெரியாத சுபாவத்தைப் பலர் கீழ்ப்படிதல் என்று தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இரவில் இரண்டு மூன்று வரிகள் எழுதினால் போதும்: இன்று எங்கே என் திட்டம் முறிந்தது, நான் எப்படி நடந்துகொண்டேன். சில வாரங்களில் உங்கள் எரிச்சல் எப்போதும் எந்த இடத்தில் எழுகிறது என்பது தெரிந்துவிடும்.

5. தடை வந்தால், அது எந்த வகை என்று பாருங்கள்

"கதவு அடைபட்டது, ஆகவே இது ஆண்டவருடைய சித்தமல்ல" என்ற முடிவுக்கு ஒரே மூச்சில் வந்துவிடுகிறவர்கள் அநேகர். வேதத்தில் தடைகள் ஒரே விதமானவையாக இல்லை.

ஆசியாவிலே (அன்றைய ரோம மாகாணம் ஒன்றின் பெயர்) வசனத்தைச் சொல்லாதபடி பவுலின் குழுவைத் தடுத்தவர் பரிசுத்த ஆவியானவர். பித்தினியாவுக்குப் போகவும் அவர்களுக்கு இடம் கொடுக்கப்படவில்லை (அப்போஸ்தலர் 16:6-7). தெசலோனிக்கேயரிடம் வர விரும்பியபோது சாத்தான் தடைபண்ணினான் என்று அதே பவுல் எழுதுகிறார் (1 தெசலோனிக்கேயர் 2:18). எபேசுவில் பெரிய கதவு திறந்திருப்பதையும், விரோதிகள் அநேகர் என்பதையும் ஒரே வசனத்தில் சொல்லி, அங்கேயே தங்கப்போவதாக அறிவிக்கிறார் (1 கொரிந்தியர் 16:8-9). அதாவது எதிர்ப்பு இருந்தும் கதவு திறந்திருக்கலாம்.

தடைக்கு முன்னால் நின்று இந்த வரிசையில் கேளுங்கள். முதலில், இது என் கவனக்குறைவின் அல்லது ஆயத்தக் குறைவின் விளைவா? படிக்காமல் எழுதிய தேர்வில் தோற்றவர் வழிமாற்றத்தைத் தேடவேண்டியதில்லை, படித்தால் போதும். அடுத்து, நல்ல காரியம் எதற்கும் வரக்கூடிய சாதாரண எதிர்ப்பா? அப்படியானால் பொறுமையே தேவை. மூன்றாவதாக, இது மறுப்பா, தாமதமா? இதைக் காலம் மட்டுமே காட்டும். எனவேதான் மூன்றாவது படியில் தேதி குறிக்கச் சொன்னேன். இந்த மூன்றும் இல்லை என்று தோன்றினால் மட்டும், வழி மாற்றப்படுகிறதா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்.

திறந்த கதவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கர்த்தருடைய சமுகத்தைவிட்டு ஓடின யோனாவுக்கு யோப்பாவில் தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக இருந்தது. கூலி கொடுக்கக் கையில் பணமும் இருந்தது. தாவீதைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா தனியாகக் குகைக்குள் வந்தபோது, கர்த்தர் சொன்ன நாள் இதுவே என்று தாவீதின் மனுஷர் உறுதியாகச் சொன்னார்கள். தாவீது அவனைக் கொல்ல மறுத்தான். சூழ்நிலை ஒரு சாட்சிதான், ஆனால் தனியாக நிற்க முடியாத சாட்சி.

6. சோதித்துப் பாருங்கள், அதையும் வரிசையாக

1 தெசலோனிக்கேயர் 5:19-21 ஆவியை அவித்துப்போடாதிருக்கவும், எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவும் அடுத்தடுத்த வசனங்களில் சொல்கிறது. சோதிப்பது அவிசுவாசம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், இந்தப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

வேதத்தில் தொடங்குங்கள். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தை எடுப்பதை நான் சொல்லவில்லை. அந்த முறையில் எந்தப் பதிலும் கிடைக்கும் என்பதே அதன் குறை. ஒழுங்காக வாசித்துவரும் பகுதிகள் தேவனுடைய குணத்தைப் பற்றியும், நம்மிடம் அவர் எதிர்பார்ப்பதைப் பற்றியும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள்.

அடுத்து, தொடக்கத்தில் தெரிந்துகொண்ட அந்த இரண்டு மூன்று விசுவாசிகளிடம் பேசுங்கள். யோப்பாவில் மூன்று தரம் தரிசனம் கண்டு, ஆவியானவரின் கட்டளையையும் நேரடியாகப் பெற்ற பேதுரு, புறஜாதியானாகிய கொர்நேலியுவின் வீட்டுக்கு ஆறு சகோதரரை அழைத்துக்கொண்டு போனார். பின்பு எருசலேமில் விளக்கம் சொல்லும்போது அவர்களும் உடனிருந்தார்கள். ஆலோசகர்களிடம் உங்கள் முடிவை மட்டும் சொல்லாமல், நடந்தவற்றை முழுவதுமாகச் சொல்லுங்கள். பாதிச் செய்தியைக் கேட்டவரால் பாதி ஆலோசனையே தர முடியும்.

ஆலோசகரும் தவறலாம் என்பதை மறக்கவேண்டாம். ஆலயம் கட்டும் எண்ணத்தைத் தாவீது சொன்னபோது, இருதயத்தில் உள்ளபடி செய்யும் என்று தீர்க்கதரிசியாகிய நாத்தான் உடனே சொன்னான். அன்று இராத்திரியே அந்த வார்த்தையைத் திருத்தவேண்டியிருந்தது. 1 இராஜாக்கள் 13-இல், தேவதூதன் சொன்னான் என்று ஒரு கிழவனான தீர்க்கதரிசி பொய் சொன்னதை நம்பி, தனக்கு நேராகக் கிடைத்திருந்த கட்டளையைத் தேவனுடைய மனுஷன் மீறினான். உங்கள் திருமணத்தையோ, பணத்தையோ, வேலையையோ பற்றி "ஆண்டவர் உனக்குச் சொல்லச் சொன்னார்" என்று ஒருவர் வந்து, உடனே முடிவெடுக்கும்படி நெருக்கினால், அந்த அவசரமே சந்தேகப்படுவதற்குப் போதுமான காரணம்.

சூழ்நிலைகளை மூன்றாவதாகவும், உள்ளத்தின் சமாதானத்தைக் கடைசியாகவும் வையுங்கள். சமாதானத்தைக் கடைசியில் வைப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தவறான கப்பலில், பெருங்காற்றின் நடுவே யோனா அயர்ந்து தூங்கினான். பிதாவின் சித்தத்தின் நடுவே இருந்த இயேசு கெத்செமனேயில் மிகவும் வியாகுலப்பட்டார். சமாதானம் விலையேறப்பெற்றது, ஆனால் முடிவெடுத்துவிட்ட நிம்மதியும் அதைப் போலவே தோற்றமளிக்கும்.

"இது நடந்தால் ஆம், நடக்காவிட்டால் இல்லை" என்று அடையாளம் வைத்துக் கேட்பவர்கள் கிதியோன் அடையாளம் கேட்டுக் களத்தில் போட்ட ஆட்டுத்தோலை எடுத்துக்காட்டுகிறார்கள். தோலைப் போடுவதற்கு முன்பே கிதியோனுக்குக் கட்டளை தெளிவாகக் கிடைத்திருந்தது. "நீர் சொன்னபடி" என்று அவனே சொல்கிறான். வழி தெரியாதவன் வழியைக் கண்டுபிடித்த கதையாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

7. காத்திருங்கள், ஆனால் சும்மா இராதேயுங்கள்

மனம் சோர்ந்திருக்கும் நாட்களில் வழியை மாற்றாதீர்கள். சூரைச்செடியின் கீழ் சாவை வேண்டிக்கொண்ட எலியாவுக்கு முதலில் கிடைத்தது தூக்கமும் அடையும் தண்ணீரும். ஓரேபில் அவனுடைய அடுத்த பணி சொல்லப்பட்டது அதற்குப் பிறகுதான். சோர்வில் எடுத்த முடிவு பெரும்பாலும் வலியிலிருந்து தப்புவதற்கான வழியாக இருக்கும், அழைப்பாக இருப்பது அரிது. உடல்நலக் குறைவும் மனச்சோர்வும் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பதும் இந்தப் படியின் ஒரு பகுதியே.

காத்திருப்பது எவ்வளவு காலம்? எண்ணாகமம் 9:22-இன்படி, வனாந்தரத்தில் இஸ்ரவேலரை நடத்திய மேகம் இரண்டு நாளானாலும், ஒரு மாதமானாலும், ஒரு வருஷமானாலும் வாசஸ்தலத்தின்மேல் தங்கியிருந்தது. ஜனங்களும் பாளயத்தில் இருந்தார்கள். அதுவரை கையில் உள்ள வேலையைக் குறைவில்லாமல் செய்யுங்கள். "ஆண்டவர் என்னை வேறு இடத்துக்கு அழைக்கிறார்" என்று சொல்லிக்கொண்டு இருக்கும் இடத்து வேலையை அலட்சியப்படுத்துகிறவரைப் பற்றி, அந்த அழைப்பைக் குறித்தே எனக்குச் சந்தேகம் வருகிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ அடியும் ஆபத்தும் இருக்கும் இடத்தில், தெளிவு வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். ஏரோது குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடியபோது, யோசேப்பு பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவிலேயே எகிப்துக்குப் புறப்பட்டார். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். மற்றவற்றை அங்கிருந்து யோசிக்கலாம்.

8. திரும்பும்போது, விட்டுச்செல்வதை ஒழுங்காக முடியுங்கள்

தொடக்கத்தில் எழுதிய வாக்குகளின் பட்டியலை இப்போது எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிராக, தொடர்வதா, ஒப்படைப்பதா, முடித்துவைப்பதா என்று எழுதுங்கள். திருமணமும் பெற்றோரும் பிள்ளைகளும் தொடரும் பட்டியலில் மட்டுமே வரும். வாழ்க்கைத் துணைக்குக் கடைசியில் தகவல் சொல்லும் பழக்கத்தை எந்த அழைப்பும் நியாயப்படுத்தாது.

ஆலயம் கட்ட அனுமதி கிடைக்காத தாவீது, மனக்கசப்போடு ஒதுங்கவில்லை. இரும்பையும் வெண்கலத்தையும் கேதுருமரங்களையும் சேர்த்துவைத்து, கட்டடத்தின் மாதிரியையும் சாலொமோனிடம் ஒப்படைத்தான் (1 நாளாகமம் 22, 28). உங்கள் இடத்துக்கு வருகிறவருக்கும் அப்படியே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பிறரிடம் சொல்லும்போது, கேள்விக்கே இடமில்லாதபடி "ஆண்டவர் சொல்லிவிட்டார்" என்று முடிக்காதீர்கள். பயணத் திட்டத்தை மாற்றியதற்காகக் கொரிந்து சபையில் பவுல் குறைகூறப்பட்டபோது, இரண்டாம் நிருபத்தில் அதன் காரணத்தைப் பொறுமையாக விளக்கினார். "ஜெபித்தோம், இன்னாருடன் கலந்து பேசினோம், இந்த முடிவுக்கு வந்தோம்" என்று சொன்னால் அது உண்மையாகவும் இருக்கும். தவறு என்று பின்னால் தெரிந்தால் திருத்திக்கொள்ள இடமும் இருக்கும்.

முதல் அடியைச் சிறியதாக, முடிந்தால் திரும்பப் பெறக்கூடியதாக வையுங்கள். முழு வரைபடமும் கிடைக்கும்வரை நகரமாட்டேன் என்பதும் பிழைதான்: சமாரியாவில் பெரிய கூட்டத்தின் நடுவே ஊழியம் செய்த பிலிப்புவுக்குக் கிடைத்தது, காசாவுக்குப் போகும் வனாந்தர வழியின் பெயர் மட்டுமே, அங்கே யாரைச் சந்திப்பார் என்று சொல்லப்படவில்லை.

9. திரும்பிய பின், முதல் கஷ்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

துரோவாவில் மக்கெதோனியா தேசத்தான் ஒருவனைத் தரிசனத்தில் கண்டு, பவுலின் குழு சேர்ந்து நிச்சயித்துக்கொண்டு கடலைக் கடந்தது. பிலிப்பியில் அவர்களுக்கு முதலில் செவிகொடுத்தவர்கள் ஆற்றினருகே கூடிவந்த ஸ்திரீகள்; அடுத்து வந்தது அடியும் சிறையும். தரிசனத்தில் கண்டபடி எதுவும் அமையவில்லை என்று அவர்கள் திரும்பியிருந்தால், அந்த ஸ்திரீகளில் ஒருத்தியான லீதியாளின் வீட்டில் தொடங்கிய ஐக்கியமும் சிறைச்சாலைக்காரனுடைய குடும்பத்தின் ஞானஸ்நானமும் இருந்திராது.

எனவே திரும்பிப் பார்க்கும் தேதி ஒன்றைப் புதிய வழிக்கும் குறித்து, அதுவரை விடாமல் நடங்கள். விட்டுவந்த திட்டத்துக்காக வருந்துவது தவறல்ல. அந்த வருத்தத்தையும் ஜெபத்தில் சொல்லலாம்.

குறிப்பேட்டில் பழைய திட்டம் எழுதிய பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். அதன் அடியில், விட்ட தேதியையும் காரணத்தையும் எழுதிவையுங்கள். பவுல் தடுக்கப்பட்ட அதே ஆசியாவில், பிற்பாடு எபேசு பட்டணத்தில் இரண்டு வருஷம் போதித்தார். ஆசியாவில் குடியிருந்த யூதரும் கிரேக்கரும் எல்லாரும் வசனத்தைக் கேட்டார்கள் என்று அப்போஸ்தலர் 19:10 சொல்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பக்கங்களைப் புரட்டி, எது முடிந்துபோனது, எது இன்னும் காத்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.